படிக்கட்டுக்கு எத்தனை சதவீதம்?

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் காலை நேரத்தில் நடந்தால் காதில் விழுகிற பேச்சில் கணிசமான பங்கு தமிழ். மார்த்தாண்டம், தக்கலை, வள்ளியூர், தென்காசி என்று ஊர்வாரியாகப் பிரித்துச் சொல்லிவிடலாம். கையில் எக்ஸ்ரே கவர், துணிப்பை, பிளாஸ்க். இன்று தமிழ்நாட்டில் இருந்தாலும், 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. மெடிக்கல் காலேஜ் அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1951-ல் வந்துவிட்டது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, நோவு என்றால் வண்டியேறுகிற திசை நகரவில்லை. பிறகு அதே வளாகத்தில் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி வந்தது, 1981-ல் ஆர்.சி.சி. என்கிற மண்டலப் புற்றுநோய் மையம் வந்தது. கூட்டம் இன்னும் கூடியது.

என் மாமாவும் அத்தையும் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர். தக்கலையிலிருந்து செக்கப்புக்கு வருவார்கள். அன்றைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காக அத்தை உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாயா குடிக்கக் கூப்பிட்டேன். "எனக்கு வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க" என்றுவிட்டாள். மாமா மட்டும் வந்தார். ரிட்டயரான பள்ளிக்கூட வாத்தியார். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது தீருகிறவரை சாயா ஆறினாலும் கவலைப்பட மாட்டார்.

அன்றைய சந்தேகம் பஸ்ஸில் வந்தது. தம்பானூரிலிருந்து ஏறிய பஸ்ஸில் ஊனமுற்றோருக்கான சீட்டில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன். காதில் ஹெட்போன், தோளில் பை. பக்கத்தில் ஒரு கிழவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டே நிற்கிறார். கண்டக்டர் கேட்டதும் பையன் ஒரு கார்டை எடுத்துக் காட்டினானாம். கண்டக்டர் பேசாமல் போய்விட்டாராம்.

"கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு மக்கா. பாத்தா ஒரு குறையும் தெரியல. அவனுக்கு எவன் கார்டு குடுத்தான்?"

மாமா தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. இந்தக் கேள்வியை மனதுக்குள்ளாவது கேட்காதவர்கள் குறைவு. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கறுப்புக் கண்ணாடி, வெள்ளைத்தடி. இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் நமக்கு ஊனம். சட்டமும் ரொம்ப நாள் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 1995-ம் வருடச் சட்டத்தில் ஏழே வகைதான். 2016-ல் வந்து அடுத்த வருடம் ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை இருபத்தொன்று ஆக்கியது. புதிதாகச் சேர்ந்தவற்றில் பல, பார்த்தால் தெரியாதவை. ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் என்கிற ரத்தக் கோளாறுகள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்கின்சன், ஆட்டிசம், படிப்பில் எழுத்தும் எண்ணும் குழம்புகிற கற்றல் குறைபாடு.

"அந்தப் பையனுக்கு ஹீமோபிலியா இருந்திருக்கலாம் மாமா. ரத்தம் உறையாது. வெளியே காயம் பட்டால்தான் ஆபத்து என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் ரத்தம் கசிவது உள்ளே, மூட்டுக்குள்ளே. முழங்கால் வீங்கி நாள்கணக்கில் மடக்க முடியாது. பேண்ட்டுக்குள் அது யாருக்குத் தெரியும்? பிரேக் போடும்போது கூட்டத்தில் நின்று இடிபட்டால் அவனுக்கு அது ஒரு வாரப் படுக்கை."

"செரி, இல்லன்னா?"

"இல்லையென்றால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேல் உறை அங்கங்கே சிதைந்துபோகும். இருபது, முப்பது வயதில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினால் போதும், கண் மங்கும், கால் துவளும். நம்ம ஊர் ஏப்ரல் புழுக்கத்தில் வெளியே போய்வருவதே பாதி நாள் பலத்தைத் தின்றுவிடும்."

பார்கின்சனைச் சொன்னதும் மாமா நிமிர்ந்தார். அவருடன் வேலை பார்த்த வாத்தியார் ஒருவருக்கு அது. மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வருவாராம். மாத்திரையின் வேகம் இறங்கினதும் வீட்டு வாசற்படியிலேயே கால் ஒட்டிப்போன மாதிரி நின்றுவிடுவாராம். குறுகலான நிலை, கதவிடுக்கு என்று வந்தால் கால் நகராமல் நின்றுபோவது அந்த நோயின் குணம். ஊரில் என்ன பேசினார்கள் என்று மாமாவே சொன்னார். "காலையில நடந்தான், இப்ப நடக்க முடியலங்கான். நடிக்கான்னு சொன்னாவ."

நீண்டநாள் நோய்க்காரர்களுக்கு நோயைவிடப் பெரிய தொல்லை இந்தப் பேச்சுதான் என்று எனக்குத் தோன்றும். கால் இல்லாதவருக்கு நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. ஊர் அதை ஏற்றுக்கொண்டுவிடும். நேற்று முடிந்தது இன்று முடியாது என்பவரை மட்டும் ஊர் நம்பாது. இதில் சட்டம் நம்மைவிட ஒருபடி முன்னால் நிற்கிறது. அதன் 92-ம் பிரிவின்படி, பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்தும் எண்ணத்தோடு ஏசினாலோ மிரட்டினாலோ ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறை.

மாமா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "நான் பாக்கத்தாம்லே செஞ்சேன். பாத்ததுக்கும் கேஸா?"

பார்த்ததற்கு இல்லை என்று சொன்னபிறகுதான் டம்ளரைத் திரும்ப எடுத்தார்.

இனி கார்டு விஷயம். மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தருகிற யு.டி.ஐ.டி. அட்டை நாடு முழுக்கச் செல்லும். அதில் ஒரு சதவீதம் போட்டிருக்கும். டாக்டர் குழு ஒன்று மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம், காதில் எத்தனை டெசிபல் குறைவு என்றெல்லாம் அளந்து, அட்டவணை பார்த்துக் கூட்டி எழுதுகிற எண் அது. நாற்பதோ அதற்கு மேலோ வந்தால் வேலையில் இட ஒதுக்கீடு, உதவித்தொகை போன்றவற்றுக்குத் தகுதி. முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டால் அவற்றில் பெரும்பாலானவை இல்லை. அந்த இரண்டு புள்ளிக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறவர்கள் உண்டு.

ஊனம் என்றால் என்ன என்று அதே சட்டம் சொல்கிற இடத்தில் இந்த எண் கிடையாது. நீண்டகாலக் குறைபாடு ஒன்று இருக்க வேண்டும். வெளியில் இருக்கிற தடைகளோடு அது மோதி, மற்றவர்களுக்குச் சமமாக ஒருவர் சமூகத்தில் கலந்துகொள்வதை அது தடுக்க வேண்டும். இதுதான் இலக்கணம். உடம்பு பாதி, வெளியே நிற்கிற தடை பாதி. டாக்டர் குழு முதல் பாதியை மட்டும் அளந்து எழுதித் தருகிறது. படிக்கட்டுக்கு எத்தனை சதவீதம், பூட்டிக் கிடக்கிற கழிப்பறைக்கு எத்தனை சதவீதம் என்று எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் எழுதித் தருவதில்லை.

இது வெறும் தத்துவம் இல்லை, கோர்ட் ஏற்றுக்கொண்ட விஷயம். ஐ.ஏ.எஸ். தேர்வு எழுத வந்த விகாஸ் குமார் என்பவருக்குக் கை எழுத்து எழுத ஒத்துழைக்காத நரம்புக் கோளாறு. எழுதித்தர ஆள் கேட்டார். நாற்பது சதவீதம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாற்பது என்பது ஒதுக்கீட்டுக்கும் அது போன்ற சலுகைகளுக்கும் உள்ள அளவு. அன்றாடம் இயங்கத் தேவையான ஏற்பாட்டைக் கேட்க அந்த அளவைத் தொட வேண்டியதில்லை என்பதே அதன் சாரம்.

"அப்ப லிஸ்ட்ல இல்லாத சீக்கு?" என்றார் மாமா. வாத்தியார் கேள்வி.

நிறைய இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொண்டு ஆபீஸ் போகிற சிறுநீரக நோயாளி அந்த இருபத்தொன்றில் இல்லை. நாளுக்கு நாலைந்து இன்சுலின் ஊசி போடுகிற சர்க்கரைக்காரக் குழந்தை இல்லை. அந்தக் குழந்தைகளுக்காகக் கேரள அரசு தனியாகத் திட்டம் போட்டு இன்சுலின் கொடுக்கிறது. திட்டத்தின் பெயர் 'மிட்டாயி'. யார் வைத்த பெயரோ, குறும்புக்காரர். இதயத்தில் வால்வு மாற்றியவரும் பட்டியலில் கிடையாது.

வால்வு என்றதும் சாலைக்கு அப்பால் கையைக் காட்டினேன். ஸ்ரீசித்திரா அந்தப் பக்கம்தான். சிறுவயதில் வருகிற வாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும். ஏழை வீடுகளில்தான் அது அதிகம். வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாதவர்களுக்காக டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இங்கேயே ஒன்று செய்யப் பார்த்தார்கள். முதல் மாதிரிகள் தோற்றன. வட்டைச் சுற்றியுள்ள உலோகக் கூடு உடைந்தது, தேய்ந்தது. கடைசியில் கூட்டுக்குக் குரோம்-கோபால்ட் கலவை, சாய்ந்து திறக்கிற வட்டுக்கு ஒருவகைப் பாலிதீன் என்று முடிவாகி, 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. நிறுவனம் தயாரிக்கிற அந்தச் சித்திரா வால்வு இன்றைக்கு நாடெங்கும் துடிக்கிறது.

பொருத்தியபிறகு என்ன என்பதைப் பற்றி நாம் பேசுவது குறைவு. உலோக வால்வு உள்ளவர் ஆயுள் முழுக்க ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். இங்கே பலர் கையில் இருப்பது அசிட்ரோம் அட்டை. அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் கட்டி. அதற்காகக் குறிப்பிட்ட இடைவெளியில் 'பிடி டெஸ்ட்' எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கீரையைக்கூட இஷ்டத்துக்கு ஒருநாள் அள்ளிச் சாப்பிட்டு ஒருநாள் விட முடியாது. அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் டிக், டிக் என்று வால்வின் சத்தம் நமக்கே கேட்கும். ரோட்டில் எதுவும் கேட்காது; பார்க்க நம்மைவிடத் தெம்பாக இருப்பார். மழையில் ஓடை மூடி இல்லாத நடைபாதையில் கால் இடறித் தலை அடிபட்டால், நமக்கு வீக்கத்தோடு போகிறது அவருக்கு மூளையில் ரத்தக்கசிவாக முடியலாம்.

என் வருத்தமே இங்கேதான். உயிரைக் காப்பாற்றுகிற விஷயத்தில் இந்த ஊர் கெட்டி. காப்பாற்றப்பட்டவர் பிறகு முப்பது வருடம் வாழ வேண்டுமே, பஸ் ஏற வேண்டுமே, ரேஷன் கடைக்குப் போக வேண்டுமே என்கிற கணக்கை ஆஸ்பத்திரி வாசலோடு விட்டுவிடுகிறோம். வைத்தியம் ஜெயிக்க ஜெயிக்க, நோயோடு நடமாடுகிறவர்களின் தொகை கூடும். அவர்களுக்கான ஊரை யாராவது கட்டியாக வேண்டும்.

சாய்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விதி என்னவோ எளிமையானது: ஓரடி ஏற பன்னிரண்டு அடி நீளம். அரை அடிப் படி மூன்று இருந்தால் ஒன்றரை அடி உயரம். அதற்குப் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். நம் கடைகளிலும் ஆபீஸ்களிலும் அதே மூன்று படிக்கு ஆறடியில் சரிவு போட்டு முடித்திருப்பார்கள். மாமாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவரே மூன்று மடங்கு செங்குத்து என்று விடை சொன்னார். அதில் சக்கர நாற்காலியில் தனியாக ஏறினால் பின்னால் கவிழும். உண்மையைச் சொன்னால் பல இடங்களில் அது ராத்திரி பைக்கை உள்ளே ஏற்ற வசதியாகப் போட்டது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தால் அதுவே மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு ஆகிவிடும். திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர் வேறு. சாலையே ஏற்றம், அதன்மேல் நடைபாதை ஒரு ஏற்றம், கடைவாசல் இன்னொரு ஏற்றம்.

நடைபாதையில் மஞ்சள் ஓடு பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோடு போட்டது 'இந்த வழியாகப் போ', புள்ளி வைத்தது 'நில், முன்னால் ஏதோ இருக்கிறது'. ஜப்பானில் மியாகே செய்ச்சி என்பவர் கண்டுபிடித்தது. 1967-ல் ஒகயாமா நகரத்தில் முதலில் பதித்தார்கள். பாதமும் கைத்தடியும் வாசிக்கிற எழுத்து. கோட்டைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கையோடு நடந்தால் நேராக மின்கம்பத்தில் கொண்டுபோய் முட்டவிடுகிற ஓடுகளையும் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் என்று குறிப்பாகச் சொல்ல அவசியமில்லை. எல்லா ஊரிலும் உண்டு. அது தப்பான எழுத்து கூட இல்லை, பொய்.

சட்டத்தில் இதற்கெல்லாம் கெடு இருந்தது. ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை, விதிகள் வந்த ஐந்து வருடத்துக்குள் எல்லோரும் நுழையக்கூடியதாக மாற்ற வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன். ஐந்து வருடம் 2022-ல் முடிந்தது. விதிகளை எழுதிய விதமே ஆலோசனை சொல்கிற மாதிரி, செய்தால் நல்லது என்கிற தோரணையில் இருந்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. கட்டாயம் என்று சட்டம் சொல்வதை விதி வெறும் பரிந்துரையாக ஆக்க முடியாது, குறைந்தபட்சக் கட்டாய அளவுகளை வகுத்துக் கொண்டுவாருங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வழக்குப் போட்டது 2005-ல். இந்தத் தீர்ப்பு வரப் பத்தொன்பது வருடம்.

பஸ்ஸும் அப்படித்தான். லாரி சேசிஸ் மேல் கட்டின பழைய பஸ்ஸின் உள்தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். தாழ்தள பஸ்ஸுக்கு 400. சென்னையில் தாழ்தள பஸ் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்காக வைஷ்ணவி ஜெயகுமார் என்பவர் ஹைகோர்ட் வரை போய் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இந்த ஊரில் தாழ்தள பஸ்கள் முன்பே வந்துவிட்டன. வந்தும், டிரைவர் நடைபாதையை ஒட்டி நிறுத்தாமல் நடுரோட்டில் நிறுத்தினால் தாழ்தளத்தில் என்ன பிரயோஜனம்? இதற்குப் புதிதாகப் பணம் வேண்டாம். மூன்றடி ஓரம்கட்டினால் போதும்.

மாமா இதுவரை சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கழிப்பறைக்கு வந்தபோது அவர் முகம் மாறியது. நான் பொதுவாகத்தான் சொல்லிக்கொண்டு போனேன். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பலருக்குச் சிறுநீர் வரும் உணர்வு தெரியாது. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் குழாய் போட்டுத் தாங்களே வெளியேற்ற வேண்டும்; அதற்குச் சுத்தமான இடமும் கைகழுவத் தண்ணீரும் வேண்டும். குடல் புற்றுநோயில் கீழ்க்குடலை எடுத்தவர்களில் பலருக்கு வயிற்றில் ஒரு திறப்பு, அதன்மேல் ஒட்டின பை. அதை ஒருநாளில் சில தடவை காலிசெய்ய வேண்டும். சேலைக்கு உள்ளே, சட்டைக்கு உள்ளே அது இருப்பது யாருக்கும் தெரியாது.

"அவ வீட்டை விட்டு எறங்கினா திரும்பிப் போய்ச் சேருத வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டா மக்கா" என்றார் மாமா. "காலையில ஒண்ணும் திங்கவும் மாட்டா. நான் ரத்தம் எடுக்கதுக்குத்தான்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அத்தைக்கு ஆபரேஷன் என்று தெரியும். இது எனக்குத் தெரியாது. சாயா வேண்டாம் என்றது அதனால்தான்.

பை வைத்திருக்கிறவர்கள் வெளியே கிளம்பும்போது பட்டினி கிடப்பது சாதாரணமாக நடக்கிற ஒன்று. அது ஆபத்தும்கூட. சிறுகுடலில் திறப்பு வைத்தவர்களுக்கு உடம்பு நீர் ஏற்கெனவே நிறையப் போகும்; குடிக்காமலும் இருந்தால் உப்புச்சத்து இறங்கி மயங்கி விழுவார்கள், சிறுநீரகம் கெடும். ஒரு பொதுக் கழிப்பறையில் அவர்களுக்கு வேண்டியதெல்லாம் எவ்வளவு என்று மாமாவிடம் விரல்விட்டுச் சொன்னேன். உள்தாழ்ப்பாள் விழ வேண்டும். சேலை முந்தானையோ கைப்பையோ மாட்ட ஒரு கொக்கி. மாற்றுப் பையும் பஞ்சும் வைக்க இடுப்பு உயரத்தில் ஒரு பலகை. தண்ணீர். மூடி போட்ட ஒரு குப்பைத்தொட்டி. ஜப்பானில் இவர்களுக்கென்றே இடுப்பு உயரத் தொட்டி வைத்த கழிப்பறைகள் உண்டு, அவ்வளவு கேட்கவில்லை. கொக்கியும் பலகையும் ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய். ஒரு கொக்கி இல்லாததால் ஒருத்தி நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள் என்பதை எந்தச் சான்றிதழில் எத்தனை சதவீதம் என்று எழுதுவது?

பெரிய மாற்றுத்திறனாளிக் கழிப்பறை கட்டி, அதைப் பூட்டி, சாவியை யாரோ ஒருவரிடம் கொடுத்துவைக்கிற வழக்கத்தைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினால் வசவுதான் வரும். விட்டுவிடுகிறேன்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. கடைக்காரர் இன்னொரு சாயா வேணுமா என்றார். வாங்கிக்கொண்டோம்.

பேச்சை மாற்றத்தான் கிழக்கேக்கோட்டையில் நான் பார்த்ததைச் சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்தது. ஐந்து நிமிடத்துக்குள் சுற்றிலும் ஐம்பது பேர். ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார், ஒருவர் கையைக் காலை அமுக்கிப் பிடிக்கிறார், ஒருவர் வாயில் வைக்க ஸ்பூன் தேடுகிறார். மாமா ஊரிலும் இரும்பு கொடுக்கிற பழக்கம்தான். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். சாவி கொடுத்து முடிப்பதற்கும் அது நிற்பதற்கும் நேரம் சரியாக இருப்பதால் சாவிக்குப் பேர் கிடைத்துவிட்டது. அமுக்கினால் எலும்பு பிசகும், வாயில் எதையாவது வைத்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். செய்ய வேண்டியது ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே மடித்த துணி ஏதாவது வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தால் 108.

இன்னொன்றும் செய்யலாம்: கூட்டத்தைக் கலைக்கலாம். அந்தப் பெண் கண் திறந்தபோது முதலில் தேடியது செருப்பை இல்லை, பையை இல்லை, விலகியிருந்த துப்பட்டாவை. ஐம்பது ஜோடிக் கண்கள். அன்றைக்கு நின்ற இடத்தில் அவள் மறுபடி பஸ்ஸுக்கு நிற்பாளா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதே ஊரில் ஸ்ரீசித்திராவில் 1990-களிலிருந்து வலிப்புக்கு மூளை அறுவைசிகிச்சையே செய்கிறார்கள். நாட்டின் பெரிய வலிப்பு மையங்களில் அது ஒன்று. வலிப்புள்ள பெண்கள் மாத்திரையோடு கருவுற்றால் என்ன ஆகிறது என்று வருடக்கணக்காகப் பதிவேடு வைத்து ஆராய்ந்ததும் அங்கேதான். பெரும்பாலானவர்களுக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கிறது. ஆனால் 1999 வரை இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடை. அதைக் காட்டிக் கல்யாணத்தைச் செல்லாததாக்க முடிந்தது. அந்த வருடத் திருத்தத்தில்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். சட்டத்திலிருந்து எடுத்து இருபத்தைந்து வருடம் தாண்டியும் பெண் பார்க்கிற வீட்டில் அது இன்னும் இருக்கிறது. மாத்திரை டப்பாவை ஒளித்துவைத்துப் புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்கள் உண்டு. ஒளித்தால் வேளை தவறும், வேளை தவறினால் வலிப்பு வரும். ஊர்ப் பேச்சுக்குப் பயந்தே ஊர்ப் பேச்சில் மாட்டிக்கொள்கிற கண்ணி.

"வெளியே வராம வீட்டோட இருக்கதுதான் நல்லதுன்னு நெனப்பாவ போல" என்றார் மாமா.

நினைக்கிறார்கள். வீட்டோடு இருப்பவர்களுக்குக் கேரளம் செய்திருப்பது சின்ன விஷயமும் இல்லை. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண மருத்துவம், 2003-ல் அவர் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பு, 2008-ல் மாநில அரசே அறிவித்த பாலியேட்டிவ் கொள்கை, இதெல்லாம் சேர்ந்ததில் இன்று பஞ்சாயத்து நர்ஸ் கட்டிலில் கிடப்பவரின் வீட்டுக்கே போகிறார். புண்ணைச் சுத்தம் செய்கிறார், குழாய் மாற்றுகிறார். பார்த்துக்கொள்கிற வீட்டாளுக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்று மாதம் 600 ரூபாய், கிடைக்கிறபோது. இந்தியாவில் வேறு எங்கும் இந்த அளவுக்கு இல்லை.

ஆனாலும் எல்லோரையும் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது: ஊர் அவர்களை மறந்துபோகும். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்து, அதனால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் மாநிலத்தின் வடகோடியிலிருந்து ஏறக்குறைய ஐநூற்றைம்பது கிலோமீட்டர் ரயிலில் வந்து திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். தலை பெரிதான பிள்ளையை, கால் மடங்காத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொல்லி 2017 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. 2022-லும் பெரும்பாலானவர்களுக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்று அதே கோர்ட் அரசைக் கண்டித்தது. அரசின் கண்ணில் பட அவர்கள் வெளியே வர வேண்டியிருந்தது. வெளியே வருவதுதான் அவர்களுக்கு இருக்கிற பெரிய கஷ்டமே.

உரிமை என்றால் போராட்டமாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் மணல்மேல் மரப்பாதை போட்டார்கள், 263 மீட்டர். சக்கர நாற்காலிக்காரர்கள் யாரும் தூக்காமல் கடலுக்குப் பக்கம் வரைக்கும் போனார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பிய்த்துவிட்டது, சரிசெய்தார்கள். கடல் பார்ப்பது மருந்தா, உணவா, வேலையா? ஒன்றுமில்லை, சும்மா. சும்மா போய் நிற்கிற இடங்கள்தான் ஒருவர் அந்த ஊர்க்காரர் என்பதற்கு அடையாளம். இந்த ஊர்ச் சங்குமுகம் கடற்கரைக்குச் சாயங்காலம் போய்க் கடலை வாங்கித் தின்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

ரிசல்ட் வாங்கப் போகிற நேரம் ஆகிவிட்டது. எழுந்திருக்கும்போது மாமா ரயில் டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். அவருக்கும் அத்தைக்கும் முழுக் கட்டணம். எத்தனை காலமாக இப்படி என்று நான் கேட்கவில்லை.

"இதுக்கு ஏதோ பாரம் உண்டுன்னு சொன்னாவளே?"

உண்டு. புற்றுநோய்க்குச் சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போய்வருகிறவர்களுக்கு ரயில்வே சலுகை தருகிறது. ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. செகண்ட் கிளாஸில் நூற்றுக்கு எழுபத்தைந்து தள்ளுபடி. கூடப் போகிற ஒருவருக்கும், அதாவது மாமாவுக்கும், இந்த வகுப்புகளில் எழுபத்தைந்து. சதவீதம் எழுதின கார்டு இதற்குத் தேவையில்லை. சிகிச்சை தருகிற ஆஸ்பத்திரி, ரயில்வே சொன்ன மாதிரிப் படிவத்தில் எழுதி, டாக்டர் கையெழுத்தும் சீலும் போட்டுத் தர வேண்டும். டிக்கெட்டை ஸ்டேஷன் கவுண்டரில்தான் எடுக்க முடியும். டயாலிசிஸ்காரர்களுக்கும் இதய ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கும் தனித்தனியாக இதே மாதிரி உண்டு. வயிற்றில் பை வைத்தவர்களுக்குச் சீசன் டிக்கெட்டில் பாதி.

மாமா சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, வாத்தியார் எழுத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கடைசி வரியை மட்டும் என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, பக்கத்தில் அத்தை போய்வரக்கூடிய மாதிரி தாழ்ப்பாள் விழுகிற பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று, தன் அரைகுறை மலையாளத்தில், குரலைத் தாழ்த்தாமல் கேட்டார்.